கீழ்வூடு

வெற்றிச்செல்வி படியிறங்கி வந்தபோது நான்கைந்து பெண்கள் இரும்புக் கதவை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தரைக்கு அடியில் இறங்கும் படிக்கட்டு குறுகலானது. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நிற்க முடியும். எல்லோருக்கும் முன்னால், கதவோடு ஒட்டி நின்றவர் பொன்னுத்தாய் அத்தை, அப்பாவின் அக்கா.

"கொளஞ்சி, கதவத் தெற. எடுக்க நேரமாவுதுல்ல?"

கனத்த கதவு. அடிக்கிற கைதான் வலித்தது; சத்தம் பெரிதாக எழவில்லை.

"அம்மா எப்பங்கத்த உள்ள போனாங்க?"

"பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சு, வந்து மணையில ஒக்காருன்னேன். சரிங்கண்ணின்னுதான் எந்திரிச்சா. மூஞ்சி கழுவப் போறான்னு நெனச்சேன். தாழ்ப்பா போடுற சத்தம் கேட்டப்புறந்தான் தெரியும், இங்க வந்துட்டான்னு."

கோடி என்றதும் வெற்றிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. மாமா ஜெயங்கொண்டம் கடைவீதியில் எடுத்து வந்த வெள்ளைச் சேலை, கூடத்தில் தாம்பாளத்தில் இருந்தது. பக்கத்தில், கழற்றும் தாலியைப் போட ஒரு கிண்ணத்தில் பால். பல வீடுகளில் பதினாறாம் நாள்தான் தாலியைக் கழற்றுவார்கள். அப்பாவின் பங்காளி வகையில் அவ்வளவு நாள் வைப்பதில்லை. பிணத்தைத் தூக்குவதற்கு முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

மேலே பந்தலில், குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி, பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள் அப்பா தமிழழகனை. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விருத்தாசலம், கும்பகோணம் என்று ஆயுளில் பாதியை ரோட்டில் கழித்துவிட்டு, ஜெயங்கொண்டத்துக்கு வெளியே இருந்த முந்திரித் தோப்பில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். தோப்பின் நடுவில் ஒற்றை வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லை. அந்த அமைதிதான் வேண்டும் என்று அப்போது சொன்னார்.

அந்த வீட்டில்தான் சில வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழையில், விளக்கு வைக்கிற நேரத்தில் அது நடந்தது. வாசலில் யாரோ "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" என்றார்கள். நனைந்துபோன குரல். அப்பாதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். நான்கு பேர் உள்ளே வந்தார்கள். அவரைக் கம்பியால் தோளில் அடித்து, அவருடைய துண்டாலேயே கட்டில் காலோடு கட்டினார்கள். அம்மாவைக் குப்புறத் தள்ளி ஒருவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினான். தாலிச்சங்கிலி கெட்டியானது. கொக்கி அவனுக்குப் பிடிபடவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தியை விட்டு நெம்பினான்.

காது மடலுக்குக் கீழிருந்து பிடரி வரைக்கும் தையல் போட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அம்மா தன் கழுத்துப் பக்கம் ஒரு கையையும் வர விட்டதில்லை. தலை பின்னிவிட வெற்றிச்செல்வி போனால்கூட, "நானே முடிஞ்சிக்கறேன், நீ போ" என்று விலகிவிடுவாள். கல்லங்குறிச்சி கோவிலில் ஒருமுறை, பின்னால் நின்ற ஒரு பெண், அம்மாவின் தலையிலிருந்து நழுவிய பூவை நல்லெண்ணத்தில் சரியாகச் செருகப்போனாள். அம்மா போட்ட கூச்சலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அம்மா அப்புறம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மன்னிப்புக் கேட்டாள்.

வெறுங்கழுத்தோடு இருக்கிறாளே என்று சொந்தத்தில் பேச்சு எழுந்தபோது அப்பா கடையில் மஞ்சளும் கயிறும் வாங்கி வந்தார். வெற்றிச்செல்வி அன்று அங்கே இருந்தாள். அப்பா அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். "கண்ணத் தெறந்து என்னப் பாரு. நாந்தான்" என்றார். அம்மா அவர் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் கைகளைச் சுற்றிக் கொண்டுபோய், பார்க்காமலே பிடரியில் முடிச்சுப் போட்டார்.

அதோடு தோப்பு வீட்டைப் பூட்டிவிட்டு இருவரையும் பெரம்பலூருக்கு அழைத்துப் போனாள் வெற்றிச்செல்வி. அவள் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். மாடி வீடு, கீழே வீட்டுக்காரர், எதிரே கடைகள். ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் காலிங்பெல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பால்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், யார் வந்தாலும் அப்படித்தான். வந்தவர்கள் போய், அப்பா போய்க் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவாள். முகம் தெளிந்திருக்கும்.

அப்பா அதைச் சில நாட்கள் கவனித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலையில் சொன்னார்.

"தாழ்ப்பா அவ பக்கம் இருந்தாத்தான் அவளுக்கு மூச்சு வருது. நாங்க வூட்டுக்குப் போறோம்மா. நான் ஒரு எடம் கட்டித் தரேன் அவளுக்கு."

அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை தோப்புக்குப் போனபோது, முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கும் உள்ளறையில் தரையைப் பெயர்த்து ஆள் மட்டத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். உள்ளே அமாவாசை நின்று கடப்பாறை போட்டுக்கொண்டிருந்தார். தோப்புக்கு அப்பால் இருந்த தெருவைச் சேர்ந்தவர், கிணறு வெட்டிப் பழக்கம் உள்ளவர், அப்பாவுக்கு வெகுகாலக் கூட்டாளி. மேலே செம்மண், கீழே செம்பராங்கல். வெட்ட வெட்ட மண் சரியாமல் சுவர் மாதிரி நின்றது. அப்பா மேலே நின்று மண்சட்டியை வாங்கி வாங்கி வெளியே கொட்டினார். அடிபட்ட தோள் முழுதாகத் தூக்க வராது. மறு கையால் இழுத்தார்.

ஊரில் புதையல் என்று பேசினார்கள். பக்கத்தில் சோழர் காலத்துக் கோவில் இருக்கும் ஊரில், வீட்டுக்குள்ளே குழி வெட்டினால் வேறு என்ன பேசுவார்கள்? விஏஓ ஒருநாள் தலையாரியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, வூட்டுக்குள்ள கெணறா?"

"இல்ல சார். ரூமு."

"பூமிக்குள்ளயா?"

"ஆமா சார். என் பொண்டாட்டிக்கு."

விஏஓ குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சுவருக்கும் மேல்தளத்துக்கும் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டார்கள். முதல் மழையில் ஒரு மூலையில் தண்ணீர் கசிந்தது. அப்பா அந்தச் சுவரைக் கொத்திவிட்டு மறுபடி பூசினார். ஓசூரில் வேலை செய்யும் தம்பி ரஞ்சித்குமார் போனில் கத்தினான். "கேமரா வாங்கி அனுப்புறேன், மாட்டுங்கப்பா. இதெல்லாம் எதுக்கு?" அப்பா, "கேமரா படந்தான் புடிக்கும். கைய வந்து புடிக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கதவு ஜெயங்கொண்டத்தில் வெல்டிங் பட்டறையில் செய்தது. இரண்டு இரும்புத் தகடு, நடுவில் காங்கிரீட். கீலும் தாழ்ப்பாள்களும் உள்பக்கம். வெளியே கைப்பிடிகூடக் கிடையாது, வெறும் தகடு. காற்றுக்கு ஒரு பிவிசி குழாய் சுவரோடு ஏறி, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெளியே வந்து குடைக்கம்பு மாதிரி வளைந்து நின்றது. வாயில் கொசுவலை. உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. பழைய இரும்புக் கடையில் ஒரு பேருந்து ஹாரனைத் தேடிப் பிடித்து மொட்டை மாடியில் மாட்டி, அதன் சுவிட்சைக் கீழே வைத்தார். சிவப்புப் பெயிண்டால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

அப்புறம் அம்மாவுக்குப் பயிற்சி. சமைத்துக்கொண்டிருப்பவளைத் திடீரென்று, "போ, போ, கீழ போ" என்று விரட்டுவார். "ஏதாவது ஒண்ணுன்னா மொதல்ல கீழ போற. தாழ்ப்பாளப் போடுற. ஹாரன அமுக்குற. மத்ததெல்லாம் அப்புறம்."

"நீங்க?"

"என்னப் பத்தி ஒனக்கு என்ன? நீ போ."

"உள்ள ரெண்டு பேருக்கு எடம் இருக்குல்ல?"

"நான் வெளிய நின்னு பாத்துக்கறேன். இந்தத் தடவ நான் கதவத் தெறக்க மாட்டேன்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போவாள். ஆனால் போகப் போக அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அவள்தான் அதற்குக் கீழ்வூடு என்று பெயர் வைத்தாள். சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வாள். மதியம் ஒரு தூக்கம் போடுவாள். அப்பா மேல்படியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவ இப்ப நல்லாத் தூங்குறாம்மா" என்று போனில் சொல்லும்போது, மகள் பரீட்சையில் பாஸ் செய்ததைச் சொல்வது போல இருக்கும் அவர் குரல்.

இன்று காலையில் நடந்ததை வெற்றிச்செல்விக்குச் சொன்னது அமாவாசைதான். பஸ்ஸை விட்டு இறங்கித் தோப்புக்குள் வந்தவளைப் பாதி வழியில் எதிர்கொண்டு கூட்டிவந்தார்.

"நல்லா விடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் கொட்டை பொறுக்கிட்டு வந்து வாசல்ல ஒக்காந்துருக்காங்க. அண்ணன் நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லி அப்படியே சாஞ்சிருச்சாம். அக்கா கையில போனு இருந்துருக்கு. கை ஒதறுனதுல அமுக்க வரல. கீழ ஓடி ஹாரன அமுக்கிருச்சு. எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சும்மா. மறுபடி திருடன் பூந்துட்டான்னுதான் நெனச்சோம். நான் தடிய எடுத்துக்கிட்டேன். இன்னும் நாலு பேரு அருவா, கம்புன்னு. தோப்புல மூலைக்கு ஒருத்தரா தேடுறோம். கடைசியா வாசலுக்கு வந்து பாத்தா..." அவர் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அக்கா அண்ணன் தலைய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கு. எங்களப் பாத்து, கம்பெல்லாம் கீழ போடுங்கப்பா, பாத்தா பயமா இருக்குன்னு சொல்லுச்சு."

இப்போது அந்த அம்மாதான் உள்ளே இருந்தாள்.

அவள் மேலே ஏறி வந்தபோது ரஞ்சித்குமார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ஓசூரிலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் என்பதால் மீசையை எடுத்துவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி தெரிந்தான்.

"பட்டறைக்காரருகிட்ட பேசிட்டேன்க்கா. கேஸ் கட்டர் எடுத்துக்கிட்டு வரேன்னாரு. கீலு இருக்கற பக்கமா அறுத்தா கதவு வந்துருமாம்."

"அம்மா உள்ள இருக்காங்கடா."

"வேற என்ன பண்றது? ரெண்டு பேரா தட்டியாச்சு, மூணு பேரா தட்டியாச்சு. பொழுது எறங்குது. அப்பாவ இப்படியே போட்டு வைக்கச் சொல்றியா?"

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவள் சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள்.

பின்னால் யாரும் இல்லை. காலையில் பொறுக்கிவந்த முந்திரிப் பழங்கள் கொட்டை திருகாமல் குவிந்து கிடந்தன. வெயிலில் அந்தப் பழவாடை தலையைச் சுற்ற வைத்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வளைந்த குழாய் நின்றது. வெற்றிச்செல்வி மண்டியிட்டுக் குழாய் வாய்க்கு முகத்தைக் கொண்டுபோனாள். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"அம்மா."

இன்னும் குனிந்து வாயைக் கொசுவலையோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் வெற்றி. பின்னாடி பைப்புகிட்ட இருக்கேன். வேற யாரும் இல்ல."

மண்ணுக்கு அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் காதுக்குள்ளேயே பேசுவது போல இருந்தது.

"அங்க வெயிலா இருக்குமே."

"இருக்கு."

"தலையில துணியப் போட்டுக்க."

வெற்றிச்செல்வி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அம்மா பார்க்கப் போவதில்லை என்றாலும் போட்டுக்கொண்டாள்.

"வெளிய வாம்மா. அப்பாவ எடுக்கணும்."

"எடுக்கணும். எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்மா?"

"கழுத்துல கை வைப்பாங்க."

வெற்றிச்செல்வி நழுவிய முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்ட வேணாம்னு நான் சொல்லலடி. இனிமே அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறேன். ஆனா எல்லாரும் பின்னாடி வந்து நின்னுக்குவாங்க. ரெண்டு பேரு தோளப் புடிப்பாங்க. எனக்கு அது யாரு கைன்னு தெரியாது. அவனுங்க கையாத்தான் தெரியும். கத்திருவேன். அவரு படுத்துருக்கற எடத்துல நான் அப்படிக் கத்தக் கூடாது, வெற்றி."

"சரிம்மா. நான் பேசறேன். யாரும் தொட மாட்டாங்க."

அம்மா பேசி முடித்துவிட்டாள் என்று அவள் எழப்போனபோது குரல் வந்தது.

"காலையில தாழ்ப்பாளும் போட்டுட்டேன்டி."

"என்னம்மா?"

"ஹாரன அமுக்கத்தான் ஓடியாந்தேன். வந்ததும் கை தானா தாழ்ப்பாளப் போட்டுருச்சு. அவரு சொல்லிச் சொல்லிப் பழக்குனது. அவர அங்க தனியாப் போட்டுட்டு, நான் உள்ள பூட்டிக்கிட்டு அமுக்கறேன், அமுக்கறேன். தெறந்துக்கிட்டு மேல வந்தப்ப கண்ணு நெலச்சிருச்சு. தண்ணி ஏதும் கேட்டாரோ என்னமோ."

வெற்றிச்செல்வி குழாயைக் கையால் பிடித்துக்கொண்டாள். வெயிலில் அது சுட்டது. "இரும்மா, வந்துர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் முன்பக்கம் வந்தபோது லோடு ஆட்டோ ஒன்று தோப்புக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் சிலிண்டர்கள் நின்றன. பொன்னுத்தாய் அத்தை படியேறி வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அத்த, அவங்களே கழட்டிக் குடுத்துர்றாங்களாம். யாரும் தொட வேணாம்."

"அது எப்படிறீ? எல்லாருக்கும் நடக்கறதுதான? இவளுக்கு மட்டும் தனி வழியா?" அத்தை குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஊரு என்ன பேசும்? செத்தவன் பொண்டாட்டி வந்து நிக்கல, பொந்துக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டான்னு பேசும். இவளையா பேசும்? என் தம்பியப் பேசும். கட்டுன குழிய வச்சி ஏற்கெனவே பைத்தியக்காரன்னு பேசுனாங்க அவன. போற அன்னைக்குமா?"

"ஒரு நிமிஷம் என்கூட வாங்கத்த."

"எங்க?"

"வாங்க."

குழாய்க்குப் பக்கத்தில் அத்தையால் மண்டியிட முடியவில்லை. வெற்றிச்செல்வி கையைப் பிடித்துத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார வைத்தாள். அத்தை நம்பிக்கையில்லாமல் குனிந்தார்.

"கொளஞ்சி."

"அண்ணி."

இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று நிமிர்ந்து வெற்றிச்செல்வியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"ஏம்புள்ள இப்படிப் பண்ற?"

"உங்க தம்பி முன்னாடி நின்னுதாங்கண்ணி கட்டுனாரு. நானும் முன்னாடி நின்னே கழட்டி அவருகிட்டக் குடுத்துர்றேன். பின்னாடி மட்டும் யாரும் நிக்க வேணாம்னு சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

அத்தை குனிந்தபடியே இருந்தார். பழக்குவியல்மேல் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. முன்பக்கம் லோடு ஆட்டோ வந்து நிற்பதும், சிலிண்டரை இறக்கச் சொல்லி ரஞ்சித்குமார் குரல் கொடுப்பதும் கேட்டன.

"என்னையும்தான் புடிச்சாங்க, எங்க வூட்டுக்காரரு போன அன்னைக்கு" என்றார் அத்தை. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நாலு பேரு. சின்னவன் அப்ப வயித்துல இருந்தான்."

பிறகு வெற்றிச்செல்வியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும்போதே அவர் குரல் முன்னால் போயிற்று.

"டேய் ரஞ்சித்து, அத எறக்காத. வண்டியத் திருப்பி அனுப்பு."

"அப்புறம் எப்படித்த தெறக்கறது?"

"அவளே தெறப்பா. படியில நிக்கிறவளுங்க எல்லாம் மேல ஏறுங்கடி. ஒருத்தி நிக்கக் கூடாது. பந்தல்ல அவ முதுகுப் பக்கம் யாரும் நிக்காதீங்க, பெஞ்சுக்கு அந்தப் பக்கமாத் தள்ளி நில்லுங்க. சொல்றது காதுல உழுதா?"

ஒருத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

வெற்றிச்செல்வி மட்டும் படியிறங்கிப் போய் நின்றாள். "அம்மா, நான்தான். படியில யாரும் இல்ல" என்றாள். அப்பா அவளிடமே ஒருமுறை சொல்லியிருந்தார், தன் குரலைத் தவிர வேறு எந்தக் குரலுக்கும் திறக்கக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்திருப்பதாக. பிள்ளைகள் குரலில்கூட ஏமாற்றுவார்களாம். உள்ளே ரொம்ப நேரம் அசைவில்லை. அப்புறம் ஒவ்வொரு தாழ்ப்பாளாக நகர்ந்தது.

கதவு உள்பக்கமாக விலகியது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு கட்டில், தண்ணீர்க் குடம், சுவரில் அப்பாவின் சட்டை ஒன்று. அந்தச் சட்டையை நினைத்துக்கொண்டவள் போல அம்மா உள்ளே திரும்பினாள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு வெளியே வந்தாள். தலை முடிந்து, முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள்.

பந்தலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் பெஞ்சருகே போய் அப்பாவுக்கு நேர் எதிரே நின்றாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியில் முடிச்சைத் தேடினாள். மஞ்சள் பூசிப் பூசிக் கயிறு விறைத்துப்போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். விரல் நழுவியது. மறுபடியும் பார்த்தாள். வேர்வை காதோரம் வழிந்து தழும்பின்மேல் இறங்கியது. அமாவாசை தலையைக் குனிந்துகொண்டார். ரஞ்சித்குமார் ஓரடி முன்னால் வந்து, பிறகு இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

அம்மா கைகளைத் தொங்கவிட்டாள்.

"வரல" என்றாள். அப்பாவிடம் சொன்னது போல இருந்தது. பிறகு, "வெற்றி" என்றாள்.

"ம்மா."

"நீ வா."

வெற்றிச்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அம்மாவின் கழுத்தில் கை வைக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

"வாடி. இப்படி வந்து முன்னாடி நில்லு."

அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள். அம்மா அவள் ரவிக்கைத் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெற்றிச்செல்வி கைகளைச் சுற்றிக் கொண்டுபோனாள். தழும்பு முதலில் பட்டது. அம்மாவின் உடம்பு ஒரு கட்டையைப் போல இறுகியது.

"நான்தாம்மா."

"தெரியுது. நீ பாத்துப் பண்ணு."

முடிச்சைப் பார்க்க முடியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். அப்பா போட்டது. ஒன்றுக்குமேல் ஒன்றாக, லாரியில் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி இறுக்கிப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டியிருந்தது. அம்மாவின் மூச்சு அவள் காதோரம் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் கயிறு யாரும் இழுக்காமல் தானாக அவள் கைக்குள் விழுந்தது.

அம்மா அதை வாங்கினாள். பால் கிண்ணத்தோடு வந்த பெண்ணை அத்தை கையமர்த்தி நிறுத்தினார். அம்மா குனிந்து அப்பாவின் வலது கையைத் திறக்கப் பார்த்தாள். விரல்கள் விறைத்திருந்தன. கயிற்றைச் சுருட்டி விரலிடுக்கில் செருகி, அந்தக் கையின்மேல் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"தண்ணி கேட்டீங்களா?" என்றாள்.

அது பக்கத்தில் நின்ற வெற்றிச்செல்விக்கு மட்டுமே கேட்டது.

ஆண்கள் தூக்கினார்கள். மேளம் தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஏறித் தேயும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வாசலைக் கழுவிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அம்மாவுக்கு வெற்றிச்செல்வி தண்ணீர் ஊற்றினாள். கோடிச் சேலையை அம்மாவே கட்டிக்கொண்டாள்.

அமாவாசையின் தெருவிலிருந்து சோறும் ரசமும் வந்திருந்தது. வெற்றிச்செல்வி இலை போட்டு, வந்தவர்களுக்குப் பரிமாறி, சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்குத் தனியாக எடுத்து வைத்தாள். அம்மாவுக்கு ஒரு டம்ளர் காப்பி ஆற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது.

கூடம் நிறைய ஆட்கள். சிலர் சுவரோரம் படுத்திருந்தார்கள். யாரோ போனில் ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், பாய்கூட விரிக்காமல், வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

தலைமாட்டில் பொன்னுத்தாய் அத்தை உட்கார்ந்திருந்தார். வெற்றிச்செல்வியைப் பார்த்ததும், எழுப்பாதே என்று தலையை அசைத்தார். பழவாடைக்கு வந்த ஈக்கள் கூடமெங்கும் பறந்துகொண்டிருந்தன. அம்மாவின் கழுத்துப் பக்கம் ஒன்று இறங்கும்போதெல்லாம் அத்தை முந்தானை நுனியால் அதை ஓட்டினார். அந்தக் கை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒருமுறைகூட மேலே படவில்லை.